மலைத் தோட்டத்துக்கு ரெடிமேட் கோழிக்கூண்டு: இரும்புச் சட்டம் நல்லது, வலை ஆகாது

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் இப்போது அதிகம் கண்ணில் படுவது, சமவெளி வெல்டிங் பட்டறைகளில் செய்து வரும் 6 அடிக்கு 4 அடி இரும்புக் கூண்டு. 15 நாட்டுக்கோழிகள் இரவில் அடைய இடம் தாராளம். சட்டம் உறுதி. கால்கள் ஓரடி உயரம் என்பதால் எச்சம் கீழே விழுந்துவிடும், கூண்டு நாறாது.

கோளாறு வலையில்தான். மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. சிறுத்தைப்பூனை வீட்டுப்பூனை அளவுதான், கால் மட்டும் சற்று நீளம். வலையை ஒட்டித் தூங்கும் கோழியைக் கண்ணி வழியே நகத்தால் மாட்டி இழுத்துவிடும். காலையில் வலையோரம் தலையில்லாத கோழி கிடப்பது இதனால்தான். மரநாயும் இதைச் செய்யும். பழி என்னவோ பூனைக்கே போகிறது. அடுத்த நாளே வேலியோரம் சுருக்குக் கம்பி கட்டிவிடுகிறார்கள். தோட்டத்து எலிகளைத் தின்று வாழும் விலங்கு அது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அடிவாரத்து வறண்ட காட்டில் இருக்கும் துரும்பன்பூனைக்கும் இதே சட்டம்தான்.

அரை இஞ்ச் கண்ணியுள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பி வலை) போடுங்கள். கூண்டின் இரும்புச் சட்டத்துக்கு வெளிப்பக்கம் வைத்துக் கட்டினால், விலங்கு முட்டும்போது சட்டமே தாங்கிக்கொள்ளும். 4 இஞ்சுக்கு ஒரு கட்டுக்கம்பி வேண்டும். தரைக்கும் அதே வலைதான். இல்லையென்றால் அடியில் நுழைந்து கால்விரலைக் கடிக்கும். ஈர எச்சம் அதில் ஒட்டும், வாரம் ஒருமுறை தட்டிவிட வேண்டும். கோழி ஏறி உட்கார்ந்து தூங்க, பட்டறைக்காரர்கள் ஓரமாக வைக்கும் அடைகொம்பை வலையிலிருந்து ஓரடியாவது உள்ளே தள்ளுங்கள்.

தகரக் கூரையின் அலை இடைவெளியை மறந்துவிடாதீர்கள், அதையும் துண்டு வலையால் அடைக்க வேண்டும். ஒற்றைக் கொக்கி போதாது; மேலும் கீழும் ஒரு தாழ்ப்பாள் இருந்தால்தான் கதவின் மூலை வளையாது. மூடுபனியில் துரு முதலில் பிடிப்பது வலையை வெட்டிய முனைகளில், அங்கே ஐப்பசி மழைக்கு முன்பே ஜிங்க் பிரைமர் அடித்துவிடுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போதே "வலை வேண்டாம், சட்டமும் தகரமும் போதும்" என்று சொல்லுங்கள். சுவர் உயரம் 4 அடி என்றால் 4 அடி அகல ரோலில் சுற்றுக்கு 20, தரைக்கு 6, மடிப்புக்கு 2 என 28 அடி வாங்கினால் சரியாக இருக்கும்.