பழைய கேம் டிஸ்க் வாங்குகிறவர்களே, பெட்டிக்குள் இருக்கும் அந்தத் துண்டுச் சீட்டைப் பாருங்கள்

சேலத்தில் புது பஸ் ஸ்டாண்டு பக்கமோ ஐந்து ரோடு பக்கமோ செகண்ட் ஹேண்டில் வீடியோ கேம் டிஸ்க் வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் அப்பா அம்மாக்கள் கட்டாயம் படியுங்கள். பழைய டிஸ்க் என்றால் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இல்லை என்றால் காசைக் கொடுத்துவிடுகிறோம். ஒரு கீறல்கூட இல்லாத டிஸ்க்கிலும் பாதி விளையாட்டு காணாமல் போயிருக்கலாம். எனக்கு 2012-ல் அப்படி நடந்தது. இந்தக் கோடை விடுமுறையில் என் அக்கா மகனுக்கும் நடந்தது. அவன் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் ஏற்காடு. அப்போது கீழே சேலத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நானும் என் சித்தி மகனும் சின்ன வயதிலிருந்தே ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து விளையாடி வளர்ந்தவர்கள். அவன் வேலை கிடைத்து கோயம்புத்தூர் போய்விட்டான். அதன் பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பார்த்துக்கொண்டால்தான் உண்டு. இரண்டு பேரிடமும் பிளேஸ்டேஷன் 3 இருந்தது, டிவியோடு இணைத்து விளையாடும் சோனி கன்சோல். அதில் ஆன்லைனில் விளையாட மாதச் சந்தா கிடையாது. ஒரே கேம் இரண்டு பேரிடமும் இருந்தால் போதும், ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவன் அங்கே, நான் இங்கே, ஒரே அணியில் விளையாடலாம்.

அவன் ஒரு கேமைப் புதிதாகவே வாங்கிவிட்டான். ₹2,500 என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. இரண்டு மாதம் காத்திருந்து, அதே கேமை ஒரு கடையில் பழையதாக ₹1,300-க்கு வாங்கினேன். அது ஒரு சனிக்கிழமை. பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் அவன் மூன்று தடவை போன் செய்துவிட்டான். “அண்ணா, போட்டாச்சா? நான் உள்ளேதான் காத்துக்கிட்டு இருக்கேன்.”

டிஸ்க் நன்றாக ஓடியது. தனியாக விளையாடும் பகுதி முழுதும் இருந்தது. ஆன்லைனை அழுத்தினால் மட்டும், பாஸ், அதாவது ஆன்லைன் அனுமதிக்கான கோடு (code) ஒன்றைப் பதிவு செய்யச் சொல்லி ஒரு பக்கம் வந்தது. பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதில் 12 எழுத்து. ஒவ்வொன்றாகப் போட்டேன். ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்தது. பூஜ்யத்தை ஓ என்று படித்துவிட்டேனோ என்று மறுபடியும் போட்டேன். அதே பதில். எனக்கு முன்னால் இந்த டிஸ்க்கை வைத்திருந்தவர் அந்த எழுத்துகளைத் தன் அக்கவுண்டில் பதிவு செய்துவிட்டார். அவர் டிஸ்க்கை விற்றாலும் அந்த உரிமை அவர் அக்கவுண்டிலேயே தங்கிவிடும். நான் ஆன்லைனில் விளையாட வேண்டுமானால் புதிதாக ஒரு பாஸ் வாங்க வேண்டும். கிட்டத்தட்ட ₹500.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். “டிஸ்க் ஓடுதுல்ல தம்பி? ஆன்லைனுக்கு நான் என்ன பண்றது, கம்பெனிக்காரனைக் கேளு” என்றார் கடைக்காரர். என்னிடம் பில் இல்லை. அவர் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கேமை வெளியிட்ட கம்பெனிக்கு மெயில் போட்டேன். ஐந்து நாள் கழித்து பதில் வந்தது. கோடு ஒரு முறைக்கு மட்டுமே செல்லும், பழைய டிஸ்க் வாங்கியவர்கள் பாஸை வாங்கிக்கொள்ளலாம், நன்றி. நான் எழுதிய எதையும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கடைசியில் எங்கள் கடை மேனேஜரிடம் கிரெடிட் கார்டைக் கேட்டு வாங்கி அந்த ஐந்நூறையும் கட்டினேன். ஆக ₹1,800. அடுத்த தீபாவளிக்கு அதே கேம் புதிதாகவே, பிரிக்காத பெட்டியில் கோடோடு, ₹1,500-க்கு வந்துவிட்டது. பழையது வாங்கினால் மிச்சம் என்று நினைத்த எனக்கு முந்நூறு ரூபாய் நட்டம்.

இது ஏதோ ஒரு கம்பெனியின் தந்திரம் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு விசாரித்தால், அந்தச் சில வருடங்களில் பெரிய கம்பெனிகள் பலவும் இதையே செய்திருக்கின்றன. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2010-ல் ஆன்லைன் பாஸ் என்ற பெயரிலேயே கொண்டுவந்தது, விலை 10 டாலர். டிஹெச்கியூ என்ற கம்பெனி அதே வருடம் யுஎஃப்சி என்ற தன் சண்டை கேமுக்கு 5 டாலர் வைத்தது. 2011-ல் சோனியும் யூபிசாஃப்டும் ஆளுக்கொரு பெயரில் இதே ஏற்பாட்டைச் செய்தன. 2011-ல் வந்த பேட்மேன் ஆர்க்கம் சிட்டியில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். கேட்வுமன் என்ற பாத்திரம் வரும் பகுதிகளைத் திறப்பதற்கே கோடு. அது வீட்டில் தனியாக உட்கார்ந்து விளையாடுகிற பகுதி, அதற்குக் கம்பெனியின் சர்வர், அதாவது ஆன்லைனில் விளையாடுகிறவர்களை இணைக்கும் கம்ப்யூட்டர், எதுவும் ஓட வேண்டியதில்லை.

கம்பெனிகள் சொன்ன நியாயத்தையும் நான் மறைக்கவில்லை. பழைய டிஸ்க் கைமாறும்போது அவர்களுக்கு ஒரு பைசா வராது, ஆனால் சர்வரை நடத்தச் செலவாகிறது என்றார்கள். செலவாகும்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். முதலில் வாங்கியவர் கொடுத்த விலையில் அந்தச் சர்வரில் ஒரு ஆளுக்கான இடமும் சேர்ந்திருந்தது. அவர் டிஸ்க்கை விற்றதும் விளையாடுவதை நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். டிஸ்க் ஒன்று, விளையாடுகிறவரும் எப்போதும் ஒருவர். சர்வருக்கு எங்கே கூடுதல் பாரம் வந்தது? செவ்வாப்பேட்டையில் செய்த வெள்ளிக் கொலுசை ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு விற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் தேடி வந்து, முத்து குலுங்க வேண்டுமானால் எனக்குத் தனியாகக் காசு கொடு என்று வாங்கியவளிடம் கேட்டால் ஊர் சும்மா இருக்குமா?

விளையாடுகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2013 மே மாதம் ஆன்லைன் பாஸைக் கைவிடுவதாக அறிவித்தது. அந்த வருடம் முடிவதற்குள் யூபிசாஃப்டும் விட்டுவிட்டது. அதே 2013-ல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற தன் புதுக் கன்சோலை அறிவித்தபோது பழைய டிஸ்க்குகளுக்குப் புதுக் கட்டுப்பாடுகள் போடப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் 19-ஆம் தேதி பின்வாங்கியது. நானும் இந்தத் தொல்லை ஒழிந்தது என்று நம்பிவிட்டேன்.

இப்போது மருமகன் விஷயம். அக்கா குடும்பம் அம்மாபேட்டையில் இருக்கிறது. பையன் பத்தாவது முடித்திருக்கிறான். பொங்கலுக்கு வந்த காசு, பிறந்தநாளுக்கு வந்த காசு எல்லாம் சேர்த்து, பிளேஸ்டேஷன் 4-க்கு ஒரு பழைய கேமை ₹1,700-க்கு வாங்கியிருக்கிறான். மேலட்டையில் கூடுதல் ஆட்களும் கூடுதல் களங்களும் அடங்கிய முழுப் பதிப்பு என்று பெரிதாகப் போட்டிருந்தது. “ஆன்லைன் எல்லாம் ஓடும், எடுத்துக்கோ” என்று கடைக்காரர் வேறு சொல்லியிருக்கிறார். கன்சோலையும் தூக்கிக்கொண்டு லீவுக்கு ஏற்காடு வந்தான், மாமாவோடு சேர்ந்து விளையாட.

டிஸ்க்கைப் போட்டோம். அட்டையில் இருந்த கூடுதல் பகுதிகளில் ஒன்றுகூட டிஸ்க்கில் இல்லை. எல்லாமே உள்ளே இருந்த துண்டுச் சீட்டில்தான். எழுத்துகளை அவன் போடும்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது. தனியாக வாங்கினால் எவ்வளவு என்று பார்த்தால் ₹1,400. “மாமா, அப்போ நான் எதுக்குக் காசு கொடுத்தேன்?” என்று கேட்டான். பதிமூன்று வருடத்துக்கு முன்னால் நான் கேட்ட அதே கேள்வி. பாஸ் என்ற பெயர்தான் போயிருக்கிறது, முதலில் வாங்கியவருக்கு மட்டும் என்ற பூட்டு போகவில்லை.

ஆன்லைனும் ஓடவில்லை. ஆனால் அதற்குக் காரணம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிளேஸ்டேஷன் 4-லும் 5-லும் ஆன்லைனில் விளையாட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்ட வேண்டும். இலவசமாக வரும் கேம்களுக்கு மட்டும் அது தேவையில்லை. புது டிஸ்க் வாங்கினாலும் இதே சந்தாதான், பழையதற்கென்று தனிக் கட்டணம் இல்லை. ஆனால் பையனிடம் சந்தா இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல், ஓடும் என்று சொல்லி விற்றது தப்பு.

இந்தத் தடவை பில் இருந்தது. எதை வாங்கினாலும் பில் வாங்குடா என்று நான் சொல்லிச் சொல்லி அவனுக்குப் பழகியிருந்தது. அதில் முழுப் பதிப்பு என்றே கடைக்காரர் கையால் எழுதியிருந்தார். மறுநாள் இருவரும் கீழே இறங்கிப் போனோம். முதலில் முடியாது என்றார். கோடு செல்லாது என்பது உங்களுக்குத் தெரியும்தானே, பிறகு எப்படி முழுப் பதிப்பு என்று எழுதினீர்கள் என்று கேட்டேன். 1915-க்குப் போன் செய்கிறேன் என்றதும் உள்ளே போய்விட்டு வந்து ₹600 திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டதால் கடை பெயரை இங்கே எழுதவில்லை.

1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று எழுதியிருக்கிறது. பழைய பொருளுக்கு எதற்குப் பில் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. காசைக் கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே துண்டுச் சீட்டு இருந்தால், அதில் உள்ளது உங்களுக்குக் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே விலை பேசுங்கள். கோடு செல்லும் என்று கடைக்காரர் சாதித்தால், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். செல்லாது என்று தெரிந்தவர் எழுத மாட்டார். துபாய், சிங்கப்பூரிலிருந்து வந்த டிஸ்க்குகளும் இங்கே விற்கின்றன. அவற்றின் கூடுதல் பகுதிகள் நம் நாட்டு அக்கவுண்டோடு பொருந்தாமல் போகலாம். ரொம்பப் பழைய கேம் என்றால், அதன் சர்வர் இன்னும் ஓடுகிறதா என்று கேமின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடிவிட்டுக் கிளம்புங்கள். 2012-ல் நான் ஐந்நூறு கட்டித் திறந்த கேமின் சர்வரைச் சில வருடங்களில் மூடிவிட்டார்கள். இன்று அந்தப் பாஸும் எதற்கும் உதவாது, அந்தச் சீட்டும் எதற்கும் உதவாது.

இன்னொன்று, இது கொஞ்சம் புதுசு. சில பெட்டிகளில் டிஸ்க்கே இருக்காது. டவுன்லோடு செய்வதற்கான கோடு அச்சிட்ட அட்டை மட்டும்தான். அதை ஒருவர் ஒருமுறை பயன்படுத்திவிட்டால் பெட்டி வெறும் பிளாஸ்டிக். செகண்ட் ஹேண்டில் அதைத் தொடவே தொடாதீர்கள். 2025-ல் வந்த நின்டென்டோ ஸ்விட்ச் 2 என்ற கன்சோலுக்கு கேம் கீ கார்டு என்று ஒன்று விற்கிறார்கள். அந்தக் கார்டுக்குள் கேம் இருக்காது, இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். ஆனால் கார்டு யார் கையில் இருக்கிறதோ அவர் விளையாடலாம், திருப்பி விற்கலாம். டவுன்லோடு தரும் சர்வர் இருக்கிற வரைக்கும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிப் பெட்டியில் வரும், அதனால் அட்டையின் முன்பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

போன வாரம் மருமகன் ஒரு கடையிலிருந்தே போன் செய்தான். “மாமா, பெட்டியைத் திறந்து காட்டுங்கன்னு கேட்டேன். திறக்க மாட்டேங்கிறாங்க.” வைத்துவிட்டு வெளியே வந்துவிடு என்றேன். வந்துவிட்டான்.