எம்ஜிபி காரில் வி8: கியர் பாக்ஸுக்கு முன் கிரவுனைப் பாருங்கள்

காரைக்குடியில் நண்பர் ஒருவர் தன் பழைய எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் நான்கு சிலிண்டர் இன்ஜினை இறக்கிவிட்டு, 3.5 லிட்டர் ரோவர் வி8 (எட்டு சிலிண்டர்) ஏற்றுகிறார். அலுமினிய இன்ஜின் என்பதால் பழைய இரும்பு இன்ஜினைவிட எடை கூடாது. எம்ஜி நிறுவனமே 1973 முதல் 1976 வரை இந்த இணைப்பில் கார் செய்து விற்றது. எனவே இன்ஜினில் தகராறு இல்லை. ஓவர்டிரைவ் (நேர் டாப்பைவிட இன்ஜினைக் குறைவாகச் சுற்றவிடும் விகிதம்) வேண்டும் என்பதிலும் பட்டறையில் எல்லோரும் ஒரே பேச்சு. எந்த கியர் பாக்ஸ் என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

பாக்ஸைத் தனியாகத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பது என் கட்சி. பின் அச்சில் இருக்கும் கிரவுன்-பினியன் விகிதத்தோடு (சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். சாதாரண எம்ஜிபியில் அது 3.909. வி8 காருக்கு நிறுவனம் 3.07 கொடுத்தது. 90 கிலோமீட்டர் வேகத்தில் நேர் டாப் கியரில் (1:1) 3.909 அச்சோடு இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,050 சுற்று ஓடும். 3.07 அச்சோடு 2,400 சுற்று. இந்த ஒரு வித்தியாசமே பாதி வாதத்தைத் தீர்த்துவிடும்.

எம்ஜியின் சொந்த நான்கு கியர் பாக்ஸும் அதன் வாலில் லேகாக் நிறுவனத்தின் ஓவர்டிரைவும் எனக்கு மிகவும் பிடித்தவை. சுவிட்சைத் தட்டினால் சாலினாய்டு என்ற மின்காந்தம் வால்வை இயக்குகிறது. எண்ணெய் அழுத்தம் கூம்பு கிளட்சை நகர்த்துகிறது. கிளட்சை மிதிக்காமலே விகிதம் 0.82 ஆகிவிடும். 3.07 அச்சோடு 90-இல் 1,950 சுற்று. ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும். ஆனால் வி8-இன் முறுக்குவிசை 260 நியூட்டன் மீட்டரை ஒட்டியது. அந்தப் பாக்ஸ் அதைத் தாங்குவதே விளிம்பில்தான். மூன்றாவது கியரிலும் வேலை செய்த ஓவர்டிரைவை நிறுவனமே பின்னர் டாப்புக்கு மட்டும் என்று நிறுத்திக்கொண்டது. நிதானமாக ஓட்டுபவருக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

டி56 ஆறு கியர் பாக்ஸைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். கனம், பருமன் இரண்டும் அதிகம். பாக்ஸை மூடியிருக்கும் டனல் தகட்டை வெட்டாமல் உள்ளே போகாது. அமெரிக்கக் கார் கேமரோவில் வந்த வகைக்கு ஆறாவது கியர் 0.50. 3.07 அச்சில் 90-க்கு 1,200 சுற்றுதான். "அண்ணே, இந்த ஆறாவது கியரை எந்த ரோட்டில் போடப் போகிறீர்கள்?" என்று மெக்கானிக் தம்பி கேட்டதில் நியாயம் இருக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று சுற்றினால் வேகத்தடையும் கண்மாய்க் கரை வளைவும்தான். அங்கே இரண்டும் மூன்றும்தான் உழைக்கும்.

உண்மையான போட்டி டி-5 பாக்ஸுக்கும் ரோவரின் எல்டி77, ஆர்380 குடும்பத்துக்கும் இடையில்தான்.

போர்க்வார்னர் டி-5 மெலிந்தது, லேசானது, கியர் மாற்ற இனிமையானது. 1990-93 ஃபோர்டு மஸ்டாங்கில் வந்தது 400 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும். குறை அதன் விகிதங்களில் இருக்கிறது: முதல் கியர் 3.35, ஐந்தாவது 0.68. பழைய 3.909 அச்சை வைத்துக்கொண்டால் முதல் கியர் எடுத்தவுடனே தீர்ந்துவிடும். 3.07 போட்டால் ஐந்தாவதில் 90-க்கு 1,600 சுற்றுதான். திருமயம் சாலையில் பஸ்ஸின் பின்னால் 70-இல் மாட்டிக்கொண்டால் ஐந்தாவது உதவாது. நான்குக்கு இறங்கியே ஆக வேண்டும். இன்னொன்று, பழைய கேமரோவின் டி-5 சுமார் 17 பாகை சாய்ந்து உட்காரும். அங்கே இடப்பக்கம் அமரும் ஓட்டுநரை நோக்கிய சாய்வு அது. நம் வலப்பக்க ஸ்டியரிங் காரில் லிவர் பக்கத்து இருக்கைக்காரரை நோக்கிச் சாய்ந்துவிடும். வாங்குவதானால் மஸ்டாங் வகையையே வாங்குங்கள். ரோவர் இன்ஜினுக்குத் தனி பெல் ஹவுசிங்கும் (இன்ஜினையும் பாக்ஸையும் இணைக்கும் கூடு) வேண்டும்.

எல்டி77-க்கு அந்தத் தொல்லை இல்லை. ரோவர் வி8-இன் முதுகில் பூட்டவே பிறந்தது. ஐந்தாவது 0.8-ஐ ஒட்டியது, 3.07 அச்சோடு 90-இல் சுமார் 1,900 சுற்று. திருச்சி, மதுரை சாலைகளுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும் என்பது இதன் பேர்போன குறை. பின்னால் வந்த ஆர்380-இல் அது பெரிதும் சரியாகிவிட்டது. 380 நியூட்டன் மீட்டர் தாங்கும் என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. 1993-95இல் வந்த எம்ஜி ஆர்வி8 காரில் முதலில் எல்டி77, பிறகு ஆர்380 என்று எம்ஜியே போட்டது.

நண்பருக்கு நான் சொன்னது 3.07 அச்சும் ஆர்380-யும். டனலைக் கொஞ்சம் தட்டி அகலப்படுத்த வேண்டிவரும். அந்த வேலைக்குக் காரைக்குடியில் கைதேர்ந்தவர்கள் உண்டு. லேண்ட் ரோவரிலிருந்து கழற்றிய ஆர்380 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் அவசரப்படக் கூடாது. அதன் பின்முனை, நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்காகச் செய்தது. உள்ளே மெயின் ஷாஃப்டே வேறு. காரில் வந்த வகையா என்று பார்த்து, லிவர் வெளிவரும் இடத்தை டேப் பிடித்து அளந்த பிறகே பணம் கட்ட வேண்டும்.