கொழும்புக்குப் போவதா, ஹட்டனில் இருந்தே பேசுவதா?

மென்பொருள் சோதனை வேலை எனக்கு, வீடு ஹட்டனில். இதே துறையில் இருக்கும் பெண்களோடு பழக இரண்டு வழி: கொழும்பில் நடக்கும் சந்திப்புகள், இல்லையென்றால் இணையத்தில் ஜூம், லிங்க்ட்இன், டிஸ்கார்ட்.

கொழும்பு என்றால் விடியுமுன் பஸ். கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று வளைந்து இறங்குவதற்குள் வயிற்றைப் புரட்டிவிடும். கூட்டம் மாலையில் என்றால் இரவு தங்க ஒரு சொந்தக்காரர் வீடு வேண்டும். "பொம்பளப் புள்ள தனியாவா?" என்பதற்குப் பதிலும் வேண்டும். ஆனாலும் போன தடவை தேநீர் நேரத்தில் ஓர் அக்கா என் சிவியைப் போனிலேயே பார்த்துவிட்டு, "செஞ்ச வேலைய எழுதியிருக்கீங்க, அதால என்ன மாறிச்சுன்னு எழுதலையே" என்றார். எத்தனையோ வெபினார் பார்த்தும் இதை யாரும் சொன்னதில்லை. வெபினாரில் என் சிவியை யார் பார்த்தார்கள்?

இணையத்தில் செலவு டேட்டா மட்டும். பைதான் என்ற நிரல்மொழி படிக்கும் பெண்களுக்கு பைலேடீஸ் என்ற குழு இருக்கிறது. நடுராத்திரியிலும் கேள்வி போடலாம். புதிதாக ஒன்றைக் கற்க எனக்கு இதுவே போதும். மழை பிடித்தால் சிக்னல் போய்விடும் என்பது நம் ஊர்த் தலையெழுத்து.

வேலை மாற நினைக்கும் மாதங்களில் மட்டும் பஸ் ஏறுகிறேன். ஒரு எச்சரிக்கை: தொழில்நுட்பத் துறைப் பெண்களுக்காக 2011இல் தொடங்கிய விமன் ஹூ கோட் அமைப்பே பணமில்லாமல் 2024இல் மூடப்பட்டது. குழுவில் நல்ல ஆள் கிடைத்தால் நம்பரைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.