பொட்டொக்ஸா, டிஸ்போர்ட்டா: மட்டக்களப்பிலிருந்து போய்வருபவரின் கணக்கு

புருவ நடுவில் விழும் சுருக்கத்துக்கு ஊசி போட யோசிக்கும் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை நாளில் வேலை செய்யும் என்பதைத்தான். மட்டக்களப்பில் இருந்துகொண்டு யோசிப்பவர் அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: எத்தனை மாதம் நிற்கும், அது குறையத் தொடங்கும்போது மறுபடி யாரிடம், எவ்வளவு தூரம் போக வேண்டும்? நான் கொழும்புக்குப் போய் பொட்டொக்ஸ் என்ற ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு வருகிறேன். லண்டனில் இருக்கும் என் மச்சாள் அதே வகையில் வேறு கம்பனியின் மருந்தான டிஸ்போர்ட்டை எடுக்கிறார். அங்கே முகச் சுருக்கத்துக்கு அது அஸலூர் என்ற பெயரில் வருகிறது, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். இரண்டையும் வைத்துப் பார்த்ததில் என் மனம் பொட்டொக்ஸ் பக்கமே நிற்கிறது. டிஸ்போர்ட்டை நான் என் முகத்தில் போட்டுப் பார்த்ததில்லை. மச்சாளின் முகத்தில் கண்டதும் அவர் சொன்னதும்தான் என் அனுபவம். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நாள் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், அதில் பெரிய சண்டை இல்லை. பொட்டொக்ஸ் போட்டு மூன்று நான்கு நாளில் புருவத்தை நெரிப்பது கொஞ்சம் கடினமாகும். ஒரு வாரத்தில் நன்றாகத் தெரியும். முழுப் பலனைப் பார்க்க இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். டிஸ்போர்ட் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளிலேயே வேலையைத் தொடங்கிவிடும். மச்சாளுக்கும் அப்படித்தான், எனக்கு ஆனதை விடச் சீக்கிரமாகவே நெற்றி அமைதியாகிவிட்டது. ஆனால் இரண்டாவது வாரம் முடியும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிடுகின்றன.

இந்த இரண்டு நாள் முந்தல் யாருக்குப் பயன்படும்? கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஊசி தேடி ஓடுபவருக்கு என்று சொல்வார்கள். அப்படி ஓடவே கூடாது என்பது என் எண்ணம். ஊசி ஏறிய இடத்தில் நீலம் பாய்ந்தால் அது மறைய ஒரு கிழமைக்கு மேலும் ஆகலாம். ஒரு புருவம் மற்றதை விட உயர்ந்து நின்றால், அதைச் சரிசெய்ய வைத்தியர் இரண்டு வாரம் கழித்துத்தான் பார்ப்பார். சரிசெய்யப் போட்ட ஊசியும் வேலை செய்யச் சில நாள் வேண்டும். ஆகவே ஆவணி முகூர்த்தம் என்றால் ஆடி நடுப்பகுதிக்குள் ஊசி முடிந்திருக்க வேண்டும். ஒரு மாதம் முன்னாலேயே போட்டுவிட்டால் எந்த மருந்து இரண்டு நாள் முந்தும் என்ற கேள்விக்கே இடமில்லை.

ஏன் உடனே வேலை செய்வதில்லை என்று பலர் கேட்கிறார்கள். இந்த மருந்து சுருக்கத்தை நிரப்புவதும் இல்லை, தோலை இழுப்பதும் இல்லை. பொட்டுலினம் நச்சின் மிகச் சிறிய அளவு அது. நரம்பு நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் வெளியே வந்தால்தான் தசை சுருங்கும். அது வெளியேற உதவும் ஒரு புரதத்தை இந்த நச்சு வெட்டிவிடுகிறது. மருந்து நரம்பு நுனிக்குள் போய், வெட்டி, தசைக்குப் போகும் கட்டளை அடங்குவதற்குச் சில நாள் எடுக்கிறது. பிறகு நரம்பு தன்னைத் தானே சீராக்கிக்கொள்கிறது, தசை மறுபடி அசைகிறது. அதனால்தான் எந்த வைத்தியர் போட்டாலும் இது நிரந்தரம் இல்லை.

இந்த வேலை முறையை விளங்கிக்கொண்டால் இன்னொன்றும் விளங்கும். முகத்தை அசைக்கும்போது மட்டும் தெரியும் கோடுகளுக்கு ஊசி நன்றாகப் பலன் தரும். முகம் சும்மா இருக்கும்போதும் ஆழமாகத் தெரியும் கோடு ஊசியால் இளகும், முழுதாகப் போகாது. கச்சான் காற்றடிக்கும் காலத்தில் கல்லடிப் பாலத்தில் தினமும் ஸ்கூட்டி ஓட்டிக் கண்ணைச் சுருக்கியே பழகிய எனக்கு இரண்டு விதமும் இருந்தன. முதல் விதம் போய்விட்டது. இரண்டாவது மெலிந்து ஒரு கீறலாக நிற்கிறது.

சரி, எத்தனை மாதம்? இரண்டுக்கும் பொதுவான பதில் மூன்று முதல் நான்கு மாதம். சிலருக்கு ஐந்து மாதம் வரை போகும். டிஸ்போர்ட் கூடுதலாக நிற்கும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், பொட்டொக்ஸ்தான் நிற்கும் என்பவர்களும் இருக்கிறார்கள். நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகளும் இரு பக்கமும் பேசுகின்றன. எவ்வளவு அளவு போட்டார்கள், எந்தத் தசை, அந்தத் தசை எவ்வளவு பலமானது என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. மச்சாளுக்கும் எனக்கும் இடையில் கால அளவில் சொல்லும்படியான வித்தியாசத்தை நான் காணவில்லை.

இதில் எங்களுக்கு முக்கியமான நுணுக்கம் ஒன்று உண்டு. "நான்கு மாதம்" என்பது நான்காம் மாத முடிவில் முகம் ஒரேயடியாகப் பழையபடி ஆகிவிடும் என்ற பொருளில் இல்லை. மூன்றாம் மாதம் கழிந்து அசைவு மெல்லத் திரும்பத் தொடங்கும். கோடு பழைய ஆழத்துக்கு வர அதன் பிறகும் நாள் பிடிக்கும். கொழும்பில் இருப்பவர் அசைவு தெரிந்ததுமே கிளினிக்குக்குப் போய்விடலாம். நாங்கள் ஐந்தாம் மாதம் வரை பொறுத்திருக்கலாம், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. மூன்று மாதத்துக்குள் மறுபடி போடுவதை இரண்டு மருந்தின் அறிவுறுத்தலும் பரிந்துரைப்பதில்லை. அடிக்கடி போட்டால் உடல் அதற்கு எதிர்ப்புச் சக்தியை உருவாக்கி, பிறகு மருந்து பலிக்காமல் போகும் அபாயம் இருக்கிறது. முகத்துக்குப் போடும் சிறு அளவில் அது அரிதுதான், ஆனாலும் வீணாக அழைப்பானேன்?

இனி நான் பொட்டொக்ஸைத் தேர்ந்த உண்மையான காரணத்துக்கு வருகிறேன். அது பராமரிப்பு. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். உதயதேவி ரயிலில் விடியற்காலை ஏறினால் போய்ச் சேரவே பகல் முழுதும் போய்விடும். லீவு போட வேண்டும், தங்க இடம் பார்க்க வேண்டும், வீட்டில் சமையலுக்கு ஆள் சொல்ல வேண்டும். ஊசி போடுவது பத்து நிமிடம். அப்புறம் இரண்டு வாரத்தில் "வந்து காட்டுங்கள்" என்பார்கள். ஆக, எங்களுக்கு எந்த மருந்து நல்லது என்றால், திருத்தம் கேட்காமல் ஒரே தடவையில் சரியாக அமையும் மருந்துதான்.

புருவ நடுக் கோட்டுக்குப் பொட்டொக்ஸின் வழக்கமான அளவு 20 யூனிட் (மருந்தை அளக்கும் அலகு), ஐந்து இடத்தில். அமெரிக்காவில் இந்தக் கோட்டுக்கு 2002 முதல் அனுமதி பெற்ற மருந்து அது. அந்த நாட்டில் டிஸ்போர்ட்டுக்கு 2009இல்தான் அனுமதி கிடைத்தது. நான் போகும் வைத்தியர் ஆண்டுக்கணக்காகப் பொட்டொக்ஸையே போட்டுப் பழகியவர். என் நெற்றியில் எந்த இடத்தில் எவ்வளவு போட்டார் என்று குறித்து வைத்திருக்கிறார், அடுத்த முறை அதிலிருந்து சிறு மாற்றம் மட்டும் செய்கிறார். மருந்தை மாற்றினால் அந்தக் குறிப்பு பாதி பயனற்றுப் போகும்.

இன்னொன்று, பரவல். டிஸ்போர்ட் ஊசி ஏறிய இடத்திலிருந்து சற்று அகலமாகப் பரவும் என்பது பல வைத்தியர்கள் சொல்வது. அகன்ற நெற்றிக்கு அது வசதி, குறைந்த இடங்களில் குத்தி முடிக்கலாம். புருவ நடுவிலோ மருந்து கீழே இறங்கி மேல் இமையைத் தூக்கும் தசையை எட்டினால் இமை தொங்கும். அது தானாகச் சரியாகிவிடும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். பொட்டொக்ஸிலும் இது நடக்கலாம். மருந்துத் தூளை எவ்வளவு சேலைனில் (உப்புநீரில்) கரைத்தார், எந்த ஆழத்தில் குத்தினார் என்பதுதான் மருந்தின் பெயரை விடப் பெரிய காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லண்டனில் மச்சாளுக்குக் கிளினிக் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம், ஏதாவது என்றால் மறுநாளே காட்டிவிடுவார். எனக்கு அந்த வசதி இல்லாதபோது, பரவல் குறைவாகச் சொல்லப்படுவதையே நான் எடுப்பேன்.

இரண்டு வாரப் பரிசோதனையை நாங்கள் புகைப்படத்தில் முடித்துக்கொள்கிறோம். காலையில் யன்னல் வெளிச்சத்தில், முகத்தைச் சும்மா வைத்து ஒன்று, புருவத்தை நெரித்து ஒன்று, உயர்த்தி ஒன்று. ஊசி போடுவதற்கு முன்னும் அதே வெளிச்சத்தில் எடுத்து வைத்தால்தான் வைத்தியருக்கு ஒப்பிட முடியும். இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். சம்மதிக்காதவரிடம் மட்டக்களப்பிலிருந்து போவதில் அர்த்தமில்லை.

ஊசி போட்ட அன்று நாலு மணித்தியாலம் தலை சாய்க்க வேண்டாம், அந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்வார்கள். இரவு ரயிலில் திரும்புபவர் காலையிலேயே போட்டுக்கொள்வது வசதி. எண்ணெய் தேய்த்து முழுகுவது, பியூட்டி பார்லரில் முகத்தைப் பிசைந்து செய்யும் ஃபேஷியல், இவற்றைச் சில நாள் தள்ளி வையுங்கள்.

விலையை ஒப்பிடுபவர்கள் ஏமாறும் இடம் யூனிட். டிஸ்போர்ட்டில் அதே புருவ நடுவுக்கு 50 யூனிட் போடுவார்கள். அது கூடுதல் மருந்து என்ற பொருளில் இல்லை, இரண்டு கம்பனியின் யூனிட்டும் வெவ்வேறு அளவுகோல். ஒன்றின் யூனிட்டை மற்றதன் யூனிட்டாக மாற்றிச் சொல்லச் சரியான கணக்கு கிடையாது. ஒரு யூனிட் மலிவு என்று விளம்பரம் பார்த்தால், "புருவ நடுவுக்கு முழுவதுமாக எவ்வளவு?" என்று கேளுங்கள்.

கொழும்பு தூரம் என்பதால் ஊரிலேயே, பார்லரிலோ வீட்டிலோ போட்டுவிடுகிறோம் என்று அழைப்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொட்டொக்ஸ் குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். கரைத்த பிறகு 24 மணித்தியாலத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று மருந்தின் அறிவுறுத்தலே சொல்கிறது. சித்திரை வெயிலில் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்த குப்பி, முந்தைய நாள் இன்னொருவருக்குப் போட்ட மீதி, பெயர் தெரியாத லேபல், இவற்றில் எதையும் முகத்தில் ஏற்றக் கூடாது. போடுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவான வைத்தியரா என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். ஊசிக்குப் பிறகு விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ கஷ்டம் வந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் மயஸ்தீனியா போன்ற தசைநரம்பு நோய் உள்ளவர்களும் இரண்டையும் தவிர்க்க வேண்டியவர்கள். பசுப்பால் புரதம் ஒவ்வாதவருக்கு டிஸ்போர்ட் கூடாது, பொட்டொக்ஸில் அந்தச் சிக்கல் இல்லை. காத்தான்குடியில் இருக்கும் தோழி ஒருவர் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். இரண்டிலும் மனித இரத்தத்திலிருந்து எடுக்கும் அல்புமின் என்ற புரதம் சேர்கிறது. மார்க்க ரீதியாக யோசிப்பவர் அதை அறிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

வேறு மருந்துகளும் உண்டு. சியோமின் கால அளவில் பொட்டொக்ஸ் போலத்தான். திறக்காத குப்பியைக் குளிர்பெட்டிக்கு வெளியிலும் வைக்கலாம் என்பது அதன் நல்ல பக்கம். டக்ஸிஃபை 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆறு மாதம் வரை நிற்பதாகப் பரிசோதனைகள் காட்டின. ஆண்டுக்கு இரண்டு முறை போனால் போதும் என்றால் எங்கள் தூரத்துக்கு அதுவே பொருத்தம். என் வைத்தியரிடம் அது இல்லை. இருந்தாலும் முதல் தடவைக்கு நான் அதை எடுக்கத் தயங்குவேன். நீண்ட நாள் நிற்கும் மருந்தில் பிசகு வந்தால் அதுவும் நீண்ட நாள் நிற்கக்கூடும். கிரீமைப் பற்றி ஒரே வரி: ட்ரெற்றினோயின் மாதக்கணக்கில் பூசினால் மெல்லிய கோடுகள் குறையும், புருவம் நெரிவதை அது நிறுத்தாது. சன்ஸ்கிரீன் எதை எடுப்பவருக்கும் கட்டாயம், எங்கள் வெயிலில் இரட்டைக் கட்டாயம்.

நெற்றி அகலம், கிளினிக் பக்கத்தில், டிஸ்போர்ட்டில் கை பழகிய வைத்தியர் என்றால் மச்சாளின் வழியே போகலாம், அவருக்கு அது நன்றாகவே அமைந்திருக்கிறது. எதை எடுத்தாலும் மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், ஒவ்வொரு இடத்துக்கும் போட்ட யூனிட், திகதி ஆகியவற்றை எழுதி வாங்கி போனில் படமெடுத்து வையுங்கள். அடுத்த முறை வைத்தியர் வெளிநாடு போயிருந்து வேறொருவரிடம் போக நேர்ந்தால், அவர் கேட்கப்போவது அந்த விவரங்களைத்தான்.