குழுவாகப் போகிறவர்களுக்கு: குவெட்சாலானில் தாசெலோட்சின் விடுதி

பத்துப் பன்னிரண்டு பேர் ஓரிடத்தில் தங்கி, நிதானமாகப் பேசி ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்று யாராவது என்னிடம் இடம் கேட்டால், நான் முதலில் சொல்வது தாசெலோட்சின். மெக்சிகோவின் புவெப்லா மாநிலத்தில், வடக்கு மலைப் பகுதியில் இருக்கிற குவெட்சாலான் ஊரின் ஓரத்தில், நாவா பழங்குடிப் பெண்கள் நடத்தும் விடுதி அது.

நான் புவெப்லா நகரில் குடியிருக்கிறேன். எங்கள் தெருப் பெண்களோடு சேர்ந்து சீட்டுப் போடுகிறேன். இங்கே அதற்கு டாண்டா என்று பெயர். ஏலம் கிடையாது, முறை வைத்து எடுப்பார்கள், மற்றபடி நம்மூர்ச் சீட்டுதான். அந்தப் பழக்கத்தில் சேர்ந்து ஒரு தையல் கடை போடலாமா என்று பேச்சு வந்தது. யார் வீட்டில் கூடினாலும் அடுப்பைப் பார்க்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் ஒவ்வொருத்தியாக எழுந்து போய்விடுவாள். இரண்டு இரவாவது வெளியே தங்கிப் பேசினால்தான் ஆகும் என்று கிளம்பினோம்.

புவெப்லாவிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பேருந்துப் பயணம். காய்ந்த மேட்டுநிலமும் கற்றாழையுமாகப் போகிற சாலை, சாகபோஆஸ்த்லாவைத் தாண்டியதும் வளைந்து வளைந்து இறங்கத் தொடங்கும். மூடுபனி, பெரணி மரங்கள், காப்பிச் செடிகள். குமட்டல் வருகிறவர்கள் முன் இருக்கை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விடுதியைப் பற்றிச் சொல்லும் முன் அதை நடத்துகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தின் குணம் அங்கிருந்துதான் வருகிறது. குவெட்சாலானில் தோசெபான் திதாதானிஸ்கே என்று 1970களில் தொடங்கிய பெரிய விவசாயிகள் கூட்டுறவு உண்டு. 1985 வாக்கில் அதற்குள் நெசவும் பூத்தையலும் செய்கிற பெண்கள் தனிக் குழுவாகத் திரண்டார்கள். வாரக்கணக்கில் உட்கார்ந்து நெய்த துணியை இடைத்தரகர்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போனதுதான் காரணம். காப்பி விலையைத் தாங்கிப் பிடித்திருந்த சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் 1989-இல் முறிந்து விலை சரிந்தபோது, நெசவில் பெண்கள் கைக்கு வரும் காசு குடும்பங்களுக்கு இன்னும் முக்கியமானது. 1992-இல் பிரிந்து வந்து சொந்தச் சங்கம் பதிவு செய்தார்கள்: மாசெவால் சிவாமெஹ் மோசென்யோல்சிகவானி. ஒருவருக்கொருவர் துணையாக நிற்கும் பழங்குடிப் பெண்கள் என்று பொருள். விடுதியைத் திறந்தது 1997-இல். வரவேற்பு மேசை, கணக்கு, அறைப் பராமரிப்பு, சமையல் எல்லாவற்றையும் பயிற்சி எடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள். வீட்டை விட்டுக் கூட்டத்துக்குப் போகிறாளே என்ற ஊர்ப்பேச்சையும் தாங்கிக்கொண்டுதான்.

இப்படிக் கூடிக் கூடியே வளர்ந்தவர்களுக்கு, ஒரு கூட்டத்துக்கு என்ன தேவை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நகரத்து ஓட்டல்களில் கூட்ட அறை என்றால் ஜன்னல் இல்லாத பெட்டியும் மணிக்கணக்கு வாடகையும். இங்கே சங்கத்தின் சொந்தப் பயிற்சிகள் நடக்கிற கூடத்தையே தந்தார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டோம். காப்பி தானாக வந்தது, யாரும் வந்து நேரம் முடிந்தது என்று சொல்லவில்லை. எங்களில் ஒருத்தி, அவர்கள் கடை போட்ட கதையைக் கேட்கலாமா என்றாள். சமையலறையிலிருந்து ஒரு தோன்யா (வயதில் மூத்த பெண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்) கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதலில் யார் கணக்கு எழுதுவது என்று முடிவு செய்யுங்கள், கடைக்கு அப்புறம் பெயர் வைக்கலாம் என்றார். நாங்கள் அதுவரை பெயரைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில், கடை வாடகையை இப்போதைக்கு ஒத்திவைத்து, இரண்டு பழைய தையல் மெஷின் வாங்கி ஒரு வீட்டு முன்னறையில் தொடங்குவது என்று தீர்மானமானது. அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்காகவே அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அறைகள் எளிமையானவை, சுத்தமானவை. சிறு குழுவுக்குத் தனி அறைகளும், செலவைக் குறைக்க நினைக்கும் பெரிய குழுவுக்குச் சேர்ந்து படுக்கிற பொதுக்கூடமும் உண்டு. விரிப்பிலும் திரையிலும் அவர்கள் கைவேலையே இருக்கிறது. சுற்றிலும் மூலிகைத் தோட்டம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. த்லாயோயோ என்று ஒரு பண்டம்: சோள மாவுக்குள் மசித்த பட்டாணியும் அவகாடோ இலையும் வைத்து, நீள்வட்டமாகத் தட்டிக் கல்லில் சுடுவது. அந்த இலைக்குச் சோம்பு வாசம். பூரணம் வைத்த போளி தின்று வளர்ந்தவர்கள் உரைப்புச் சட்னியோடு இதை ஒருமுறை தின்று பாருங்கள். கீரை, காளான், அவரை எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். ஒன்று மட்டும்: அந்த மலைச் சமையலில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது சாதாரணம். சைவர்கள் இடம் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், சாப்பிட உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களுக்கும் சங்கடம்.

தெமஸ்கால் நீராவிக் குளியலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாழ்வான வாசல் வழியாகக் குனிந்து நுழைந்து, இருட்டில் சூடான கற்களின் மேல் மூலிகைத் தண்ணீர் தெளிக்கத் தெளிக்க ஆவி எழும்பும். இந்தப் பகுதியில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு உடல் தேறக் காலங்காலமாகச் செய்கிற வைத்தியம் இது. சுற்றுலாக்காரர்களுக்கென்று உண்டாக்கியதல்ல. ரத்த அழுத்தம் இருக்கிறவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எங்களோடு வந்த ஒரு அக்கா பாதியில் வெளியே வந்துவிட்டார், அதில் ஒரு தவறும் இல்லை.

கடையில் இடுப்பில் கட்டி நெய்யும் தறித் துணிகள், பூத்தையல் ரவிக்கைகள், ஹொனோத்தே மரப்பட்டை நாரில் பின்னிய கூடைகள், மூலிகைச் சோப்பு, ஷாம்பு எல்லாம் இருக்கின்றன. தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். பேரத்தில் தோற்றுத் தோற்றுத்தான் இந்தச் சங்கமே உண்டானது. நான் எடுத்தது வெள்ளை நூலில் சல்லாபோல நெய்த தோள்மேலாடை. அதன் விலை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நெய்கிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விரற்கடை நீளம் வளர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்த பிறகு எனக்கு அது விலையாகவே தெரியவில்லை.

நேரமிருந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, யோவாலிசான் பிரமிடுகள், அருவிகள் என்று பார்க்க நிறைய உண்டு. அதற்கென்றே போகிறவர்களுக்கு ஊருக்குள்ளேயே வேறு விடுதிகளும் இருக்கின்றன.

யாருக்கு ஒத்துவராது? நீச்சல்குளமும் அறைக்கே வரும் சாப்பாடும் எதிர்பார்க்கிறவர்களுக்கு. சரிவான நிலம், படிகள் அதிகம், அதனால் முழங்கால் வலி இருக்கிறவர்கள் கீழ்ப்பக்க அறை கிடைக்குமா என்று கேளுங்கள். மெக்சிகோவிலேயே அதிகம் மழை பெய்கிற ஊர்களில் குவெட்சாலானும் ஒன்று, துவைத்த துணி லேசில் காயாது. மாற்றுத்துணி கூடவே எடுத்துப்போங்கள். ஸ்பானிஷ் தெரிந்த ஒருவராவது குழுவில் இருப்பது நல்லது. அக்டோபர் 4 புனித பிரான்சிஸ் திருநாளை ஒட்டி ஊரே நிரம்பிவிடும், அப்போது கூட்டம் நடத்த முடியாது. வார நாட்களில் போங்கள், பதிவு செய்யும்போது கூடமும் வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள்.