சுங்கை சிலாங்கூர்ல கேனூ ட்ரிப்: மிருகம் பாக்கணும்னா விடியகாலை போங்க

நான் மலேசியாவுல, சிலாங்கூர் ஆத்துப் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தை தோட்டத்துல பொறந்து வளர்ந்தவ. பெஸ்தாரி ஜெயான்னு பேரு மாத்தி ரொம்ப வருசம் ஆச்சு, எங்க வாயில இன்னும் பழைய பேருதான் வருது. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னாடி செம்பனை, அதான் எண்ணெய்ப் பனை, தாண்டுனா ஆறு, ஆனா அப்பா ஒரு நாளும் இறங்க விட்டதில்ல. போன மாசம் அதே அப்பாவோட, அதே ஆத்துல, கொஞ்சம் கீழ கம்போங் குவாந்தான் பக்கம் கேனூல போனேன்.

ரெண்டு மணி நேரம், ஆளுக்கு 65 வெள்ளி (ரிங்கிட்), என் பையனுக்கு பாதி. காலைல 7 மணிக்கெல்லாம் தண்ணில இருக்கணும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, அதுக்கு காரணம் இருக்கு, வெயில் ஏறிட்டா எல்லாம் நிழலுக்குள்ள போய் அடங்கிரும். கடல் மாதிரியே இந்த ஆத்துலயும் தண்ணி ஏறி வத்தும், வத்துற நேரமா பாத்து புக் பண்ணுங்க. அப்பதான் கரைல சேறு வெளிய தெரியும், நண்டு புடிக்க குரங்கு இறங்கும், சேத்து மீனு குதிக்கும், பியாவாக் (பெரிய நீர் உடும்பு) வந்து படுத்துருக்கும். நாங்க பாத்த பியாவாக் ஒன்னு ஆள் நீளத்துக்கு மேல இருக்கும், மரக்கட்டைன்னு நெனச்சு கிட்டக்க போயிட்டோம், நாக்கு நீட்டுனதும்தான் தெரிஞ்சுது.

லோத்தோங்க, அதான் எலை தின்னுற சாம்பல் குரங்க, முதல்ல பாத்தது கைடு இல்ல, எங்க அப்பா. 30 வருசம் ரப்பர் மரத்துல பால் வெட்டுன கண்ணு. "காத்துன்னா எல்லா மரமும் அசையணும்ல, அந்த ஒரு மரம் மட்டும் ஏன்யா அசையுது"ன்னு பேரன்கிட்ட காட்டுனாரு, பாத்தா மேல ஏழெட்டு லோத்தோங், அதுல ஒரு தாய் மடியில ஆரஞ்சு கலர்ல குட்டி. பொறக்கும்போது அப்படித்தான் இருக்கும், சில மாசத்துல அம்மா மாதிரி சாம்பல் கலர் ஆயிரும். கோலா சிலாங்கூர் புக்கிட் மெலாவாத்தி குன்றுல பயத்தங்காய்க்கு கை நீட்டுற லோத்தோங்கதான் பையன் பாத்துருக்கான், இது எலையத் தின்னுக்கிட்டு எங்கள கண்டுக்கவே இல்ல, அவன் வாயே திறக்காம பாத்துக்கிட்டு இருந்தான்.

அடுத்து நீர்நாய். கைடு கைய தூக்குனாரு, எல்லாரும் துடுப்ப மடியில வெச்சுட்டோம், கேனூ தன்னால இழுத்துக்கிட்டு போச்சு. விசில் மாதிரி ஒரு சத்தம், அப்புறம் தண்ணில வரிசையா அஞ்சு தலை. ஒன்னு மீனை கையில புடிச்சு கடிக்கிற சத்தம்கூட கேட்டுச்சு. மோட்டார் போட்ல நான் ரெண்டு தடவை போயிருக்கேன், கோழித்தோல் வீசி கழுகு காட்டுவாங்க, இந்த சத்தம் ஒன்னும் அங்க கேக்காது.

ஒரு விசயம் மனசுல ஒட்டிக்கிச்சு. பெரெம்பாங்ங்குற ஆத்தோர சதுப்பு மரமும் நீப்பாங்குற சதுப்புப் பனையும் இருக்குற கரைலதான் இவ்ளோவும் பாத்தோம். செம்பனை தண்ணி ஓரம் வரைக்கும் வந்த இடத்துல ஒரு மீன்கொத்தியோட சரி. ராத்திரி மின்மினி மின்னுறதும் அதே பெரெம்பாங்லதான், மின்மினியோட புழு அந்த ஈரக் கரைல நத்தைய தின்னு வளருது, கரைய வெட்டிட்டா ஒன்னும் மிஞ்சாது. தோட்டத்து சோறு தின்னு வளர்ந்தவ நான், செம்பனைய குறை சொல்ல வாய் வராது, ஆனா கரை ஓரம் மட்டுமாவது விட்டு வெக்கலாம்னு அன்னைக்கு நெஜமாவே தோணுச்சு, அப்பாவும் அதேதான் சொன்னாரு.

குறையும் சொல்லணும். பையனுக்கு குடுத்த லைஃப் ஜாக்கெட் ரொம்ப பெருசு, தோள்ல நிக்கல, சின்ன சைஸ் இல்லன்னுட்டாங்க, கடைசில கயிறு போட்டு இறுக்கி கட்டுனேன், மனசே இல்ல. இன்னொரு கேனூல ஃபோன்ல பாட்டு போட்டுக்கிட்டே வந்தாங்க, கைடு ஒரு வார்த்தை சொல்லல, அதனால கடைசி அரை மணி நேரம் ஒன்னுமே பாக்க முடியல.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். சின்ன பிள்ளைங்க இருந்தா ஜாக்கெட் சைஸ் கேட்டுட்டு காசு கட்டுங்க, முழுக்கை சட்டை போடுங்க, கொசு ஜாஸ்தி, பைனாகுலர் இருந்தா எடுத்துக்கோங்க. பசியாறாம போகாதீங்க, படகுத்துறை பக்கம் அந்த நேரத்துக்கு கடை ஒன்னும் திறக்கல, நாங்க புக்கிட் ரோத்தான் வந்துதான் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். அம்மா தண்ணின்னா பயம்னு வரல, அப்பா வீட்டுக்கு வந்ததுல இருந்து நீர்நாய் கதைய சொல்லி சொல்லி இப்போ அம்மாவும் வரேங்குறாங்க, அடுத்த மாசம் தண்ணி வத்துற நேரம் பாத்து வெச்சுருக்கேன்.