லேப் வைரத்துல ஏழு கல் தோடு, வாங்கலாமா?

அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு அம்மாவுக்கு ஏழு கல் தோடு எடுத்தோம், லேப் க்ரோன் வைரத்துல, அதாவது சுரங்கத்துல தோண்டாம மெஷின்ல வளர்த்த வைரம். கடை பேரு சொல்லல, கேக்காதீங்க. ரேட்டிங் மொதல்லயே போட்டுடறேன்: கல்லுக்கு 5க்கு 4.5, தோடு வேலைப்பாட்டுக்கு 3, கடைக்காரங்க குடுத்த விளக்கத்துக்கு 1.

அந்த 1 எதுக்குன்னா, கவுன்டர்ல இருந்தவர் "கரியை எடுத்து நல்லா அழுத்தினா வைரம் சார், அவ்ளோதான்"னு ஒரே வரியில முடிச்சுட்டாரு. அழுத்தம் மட்டும் போதாதுங்க. பென்சில் குச்சியில இருக்கற கிராபைட்ல ஒவ்வொரு கார்பன் அணுவுக்கும் மூணு பிணைப்புதான், தட்டை தட்டையா அடுக்கா இருக்கும், அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல பிடிப்பு ரொம்ப லேசு, அதனாலதான் பேப்பர்ல தேய்ச்சா உதிர்ந்து எழுதுது. வைரத்துல நாலு திசையிலயும் நாலு பிணைப்பு, நாலும் ஒரே வலு. ஒரு கன சென்டிமீட்டர் கிராபைட் 2.26 கிராம்னா அதே அளவு வைரம் 3.51 கிராம், அவ்ளோ நெருக்கம். அழுத்தம் ஏற ஏற கார்பனுக்கு இந்த நெருக்கமான அமைப்புதான் தோதுப்படும், சரி, ஆனா பழைய அமைப்ப கலைச்சு நாலாவது பிணைப்ப போட சூடு வேணுமே. சூடே இல்லாம சாதாரண ரூம் வெப்பத்துல கிராபைட்ட 15 கிகா பாஸ்கல் (காத்தழுத்தத்த மாதிரி சுமார் ஒன்றரை லட்சம் மடங்கு) தாண்டி அழுத்தினா கருப்பு போயி ஒளி ஊடுருவற மாதிரி ஆயிடும், பயங்கர கடினமாவும் இருக்கும், ஆனா அழுத்தத்த விட்டா மறுபடி கிராபைட்டாவே திரும்பிடும். தோட்டுல வெக்க முடியாது!

எங்களுக்கு வந்த கல்லு ஹெச்பிஹெச்டி, அதாவது அதிக அழுத்தம் அதிக சூடு முறை. காத்தழுத்தத்த மாதிரி 50 ஆயிரம் 60 ஆயிரம் மடங்கு, 1300 - 1600 டிகிரி, உள்ள உருகின இரும்பு, நிக்கல், கோபால்ட் மாதிரி உலோகம். கார்பன் அந்த உலோகத்துல கரைஞ்சு, சூடு கொஞ்சம் கம்மியா இருக்கற பக்கத்துல வெச்சிருக்கற குட்டி விதை வைரத்து மேல போயி படியும். உலோகம் இல்லாம நேரா கிராபைட்ட மாத்தணும்னா ரெண்டு மடங்குக்கு மேல அழுத்தம், 2000 டிகிரி தாண்டின சூடு வேணும். 1954 டிசம்பர்ல அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்துல ட்ரேசி ஹால்ங்கறவர் உலோகத்தோட உதவியாலதான் வைரம் செஞ்சு காட்டினாரு, அதுக்கு கம்பெனி அவருக்கு குடுத்த பரிசு 10 டாலர் சேமிப்புப் பத்திரம். இங்க செய்கூலி சேதாரம் பில்ல பாத்தப்ப அவர் ஞாபகம்தான் வந்துச்சு.

இந்த உலோக விஷயம் வாங்கறவங்களுக்கு முக்கியம். கல்ல பதிக்கறதுக்கு முன்னாடி பொட்டலத்த பிரிச்சு காட்டச் சொல்லுங்க, லூப் (கல்லு பாக்கற குட்டி பூதக்கண்ணாடி) கேட்டு வாங்கி பாருங்க. எங்க பதினாலு கல்லுல ஒண்ணுல ஓரமா கருப்பா ஒரு புள்ளி, கல்ல லேசா திருப்பினா அந்தப் புள்ளி மட்டும் தகரம் மாதிரி மினுங்குச்சு. வளரும்போது உள்ள மாட்டின உலோகம் அது. பெருசா இருந்தா நல்ல காந்தத்துக்கு கல்லே நகரும். மாத்திக் குடுங்கன்னு கேட்டோம், முணுமுணுத்துக்கிட்டே மாத்திக் குடுத்தாங்க.

அப்புறம் நிறம். சும்மா விட்டா நைட்ரஜன் உள்ள போயி மஞ்சளா வரும், அத தடுக்க உலோகத்தோட டைட்டானியம், அலுமினியம் மாதிரி ஏதாவது சேர்த்து நைட்ரஜன இழுத்துக்க வெப்பாங்க. நைட்ரஜன் போனதும் துளியூண்டு போரான் இருந்தாலும் நீலச்சாயல் தெரிய ஆரம்பிச்சிடும். அம்மா பாத்ததும் "பாட்டியோட ப்ளூ ஜாகர் மாதிரியே இருக்கேடா"ன்னாங்க. பாட்டி தோடு தென்னாப்பிரிக்கா ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்துக் கல்லுன்னு சொல்லி வித்த காலத்துது, அதுல வெயில்ல தெரியற நீலம் பெரும்பாலும் நைட்ரஜனால வர்ற ஒளிர்வு, இதுல போரான், ரெண்டும் வேற வேற கதை. கடையில ஒரு மெஷின்ல வெச்சு புற ஊதா வெளிச்சம் அடிச்சு அணைச்சாங்க பாருங்க, வெளிச்சம் போன பிறகும் நம்ம கல்லுங்க சில நொடி நீலமா ஒளிர்ந்துட்டு மெதுவா அணைஞ்சுது. சூப்பரா இருந்துச்சு, அந்த டெமோவுக்காகவே விளக்க மார்க்க 1.5 ஆக்கலாம்.

நிஜ வைரமான்னு கேட்டா, ஆமா, நிஜம்தான். பூமிக்குள்ள 150 கிலோமீட்டர் ஆழத்துலயும் அதே கார்பன் அதே நாலு பிணைப்புதான். செம்பை விட நாலஞ்சு மடங்கு வேகமா சூட்ட கடத்தும், அதனால வைரம் செக் பண்ற பேனா இதுக்கும் கத்தும். அமெரிக்கன் டைமண்டுக்கு கத்தாது. அம்மா மட்டும் "லேப் கல்லுக்கும் தோஷம் பாக்கணுமா"ன்னு மூணு நாள் பூஜை ரூம்ல வெச்சு பாத்துட்டுதான் போட்டாங்க.

சிவிடி கல்லும் காட்டுவாங்க, அது மீத்தேன் வாயுவ குறைஞ்ச அழுத்தத்துல பிளாஸ்மாவாக்கி படியவெக்கறது, நிறைய கல்லு பழுப்பா வரும், அத போக்க மறுபடி அழுத்தம் சூடு குடுப்பாங்க. சூரத்துல வளர்க்கறது பெரும்பாலும் அதுதான். ஏழு கல் தோட்டுக்கான பொடிக் கல்லுன்னா ஹெச்பிஹெச்டிதான் அதிகம் கெடைக்கும், நெறைய சீனா ஹெனான் பக்கத்து சரக்கு. எது வேணா எடுங்க, ஆனா எதுன்னு பில்லுல எழுதி வாங்குங்க.

"வைரத்த விட கடினமானது இருக்காமே"ன்னு தம்பி கேட்டான். லான்ஸ்டேலைட்டுன்னு ஒண்ணு, அதே நாலு பிணைப்புதான், அடுக்கற வரிசை மட்டும் அறுகோணமா மாறும், 1967ல அரிசோனா விண்கல்லுல கண்டுபிடிச்சது. அதுக்கும் மேல 1000 கிகா பாஸ்கல் தாண்டினா பிசி8ன்னு ஒரு அமைப்பு வரணும்னு கணக்கு சொல்லுது, லேசர் அடிச்சு 2000 வரைக்கும் அழுத்திப் பாத்திருக்காங்க, வைரம் அசரல, வைரமாவே நின்னுச்சு. ஆக ஷோரூமுக்கு இப்போதைக்கு எதுவும் வராது, காத்திருக்காதீங்க.

காசு விஷயத்துக்கு வருவோம். அதே அளவு சுரங்கக் கல்லுக்கு சொன்ன விலையில அஞ்சுல ஒரு பங்குகூட இல்ல, எங்க பில்லுல கல்ல விட தங்கம்தான் அதிகம். ஆனா கல்லுக்கு திரும்ப எடுக்கற விலை கெடையாதுன்னு பில் போட்ட அப்புறம்தான் சொன்னாங்க, அது எரிச்சல். பேங்க்ல அடகு வெச்சாலும் கல்லு எடைய கழிச்சிட்டு தங்கத்துக்கு மட்டும்தான் கணக்கு. 2023 பட்ஜெட்டுக்கு அப்புறம் ஐஐடி மெட்ராஸுக்கு 5 வருஷத்துக்கு 242 கோடி ஒதுக்கியிருக்காங்க, விதைக் கல்லும் மெஷினும் இங்கயே செய்யறதுக்கு, அது நடந்தா விலை இன்னும் எறங்கும்னு நெனைக்கறேன். விக்கறதுக்கு வாங்கறீங்கன்னா வேண்டாம், போட்டுக்கன்னா தாராளமா வாங்குங்க.

வேலைப்பாட்டுக்கு 3 குடுத்தது திருகால. இடது காது திருகு லூசு, ரெண்டாவது வாரமே கழண்டுச்சு. சரிபண்ண ஆசாரிகிட்ட குடுத்தா நெருப்பு ஊதறதுக்கு முன்னாடி கல்லுக்கு பாதுகாப்பு பண்ணச் சொல்லுங்க, இல்ல கல்ல கழட்டச் சொல்லுங்க, என்ன இருந்தாலும் கார்பன்தானே, காத்துல 700 - 800 டிகிரிக்கு போனா மேல்பக்கம் எரிஞ்சு மங்கிடும், பாலீஷ் போட்டுத்தான் ஆகணும்.